கள்ளுண்ணாதவனின் பர்கண்டிப் பயணம்

பதினாறு ஆண்டுகளாக ஓர் அழைப்பைத் தட்டிக்கழித்து வந்தேன். 2004 முதல் 2006 வரை லியோன் நகரில் நான் வேலை பார்த்தபோது எனக்கு எதிர்மேசையில் அமர்ந்திருந்த பெண்மணி, பர்கண்டிப் பகுதியில் திராட்சை பயிரிட்டு ஒயின் செய்யும் ஒருவரை மணந்துகொண்டு அங்கேயே குடியேறிவிட்டார். அவர்கள் இருவரும் ஒருமுறை தமிழ்நாட்டுக்கு வந்து, கும்பகோணத்துக்கு அருகே எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கி, என் அம்மாவின் கையால் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன்பின் ஒவ்வொரு புத்தாண்டு வாழ்த்திலும் ஒரே வரி வரும்: "எங்கள் வீட்டுக்கு எப்போது?" நானும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு காரணம் எழுதுவேன். உண்மைக் காரணத்தை மட்டும் எழுதியதில்லை.

உண்மைக் காரணம் இதுதான். நான் மது தொடுவதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வள்ளுவரின் கள்ளுண்ணாமை அதிகாரத்தைப் படித்துத் தெளிந்து எடுத்த முடிவும் அல்ல அது. 1981இல் தமிழகத்தில் சாராயக்கடைகள் மீண்டும் திறக்கப்பட்டபோது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர்க் கடை பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது. இருட்டியபின் அப்பாவை அங்கிருந்து அழைத்து வருவது என் வேலை. சைக்கிளை ஒரு கையிலும் அவரை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்து வருவேன். 1990இல், என் பத்தொன்பதாவது வயதில், ஈரல் கெட்டு அப்பா இறந்தார். அந்த வாய்க்கால் கரை நடைக்குப் பிறகு, மதுவை ரசித்துப் பேசும் இடங்களில் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. அப்படிப்பட்டவன் ஒயினே உயிராக இருக்கும் ஒரு நிலப்பகுதிக்கு விருந்தாளியாகப் போய் என்ன செய்வது?

2022 அக்டோபரில் அலுவலக வேலையாக மீண்டும் லியோன் செல்ல நேர்ந்தது. இம்முறை தப்பிக்க வழியில்லை. மாத இறுதியில் ஒரு சனிக்கிழமை ரயிலேறினேன்.

மக்கோன், ஷாலோன் என்று சோன் நதியின் சமவெளியை ஒட்டியே வண்டி வடக்கு நோக்கி ஓடுகிறது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். இடப்பக்கம் மெல்ல ஒரு குன்றுவரிசை எழுகிறது. மலை என்று சொல்ல முடியாது. நம் ஊரில் கரடு என்போமே, அவ்வளவுதான். 'கோத் தோர்', அதாவது பொன் சரிவு என்று இதற்குப் பெயர். இலையுதிர் காலத்தில் பார்த்தால் பெயர்க்காரணம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகம் முழுவதும் பேசப்படும் பர்கண்டி ஒயின்களில் பெரும்புகழ் பெற்றவை, தீஜோன் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் நீளும் இந்த ஒடுங்கிய சரிவில்தான் விளைகின்றன. இதன் நடுவே இருக்கும் ஊர் போன். (தொலைபேசிக்கும் இதற்கும் தொடர்பில்லை.)

வெறுங்கையோடு போகக்கூடாது என்று நினைத்தேன். ஒயின் செய்பவர் வீட்டுக்கு ஒயின் வாங்கிப்போக முடியாது. போன் நகரின் கடைவாசல்களில் எல்லாம் சாமந்திப்பூத் தொட்டிகள் குவிந்து கிடந்தன. மஞ்சள், வெள்ளை, கருஞ்சிவப்பு. ஊர் நினைவில் மனம் பொங்க, இருப்பதில் பெரியதாக ஒரு மஞ்சள் சாமந்தித் தொட்டியை வாங்கிக்கொண்டேன்.

ரயில் நிலையத்துக்கு வந்திருந்த தோழி என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு தொட்டியைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. பிறகு சிரித்தார். பிரான்சில் சாமந்தி கல்லறைப் பூ. நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். அதையொட்டிக் குடும்பங்கள் இறந்தவர்களின் கல்லறைக்குச் சாமந்தித் தொட்டி கொண்டுபோய் வைப்பது வழக்கம். வீட்டு விருந்துக்கு யாரும் அதை எடுத்துச் செல்வதில்லை. நம் கல்யாண மாலையிலும் பூஜை அறையிலும் இருக்கும் பூ என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டே போனேன். "பரவாயில்லை, செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு விருந்தில் நால்வர்: தோழி, அவர் கணவர், கணவரின் எண்பத்து நான்கு வயதுத் தாயார், நான். முதலில் கூழேர் வந்தது. பாலாடைக்கட்டி சேர்த்த மாவை அடுப்பில் உப்பவைத்த சிறு உருண்டை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே காற்று. ஏழெட்டு சாப்பிட்டிருப்பேன். அடுத்து 'எஃப் ஆன் மெரெத்'. சிவப்பு ஒயினில் வெங்காயமும் பன்றி இறைச்சித் துண்டுகளும் போட்டுச் சுண்டவைத்த குழம்பில், ஓடு நீக்கி வெந்நீரில் வேகவைத்த முட்டை. தோழி என் காதருகே வந்து, "அரைமணி நேரம் கொதித்த குழம்பு, பெரும்பாலும் ஆவியாகிப் போயிருக்கும், இருந்தாலும் உனக்கு வேறு செய்து தரட்டுமா?" என்று கேட்டார். இத்தனை ஆண்டுகளில் நான் குடித்துப் பார்த்ததில்லை என்பதை அவர் கவனித்து வைத்திருக்கிறார், காரணம் கேட்டதில்லை. வேண்டாம் என்றேன். சாப்பிட்டேன். புளிப்பும் ஆழமும் கொண்ட குழம்பு. வத்தக்குழம்பு சுண்டிய மறுநாள் சட்டியின் அடியில் கிடைக்குமே, அந்தக் கெட்டித்தன்மை.

நண்பர் என் கோப்பையை நோக்கிப் புட்டியைச் சாய்த்தபோது கையால் மறைத்தேன். பெரியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மருத்துவர் தடுத்திருக்கிறாரா?"

பர்கண்டியில் ஒருவன் ஒயினை மறுப்பதற்கு வேறு காரணம் இருக்க முடியாது என்ற தொனி. விளக்கம் சொல்லிச் சூழலைக் கெடுக்க மனமின்றி, "ஆமாம், மதாம்" என்று பொய் சொன்னேன்.

பெரியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மருத்துவர் சொல்வதைக் கேட்கிறீர்களே, நல்லது" என்றார். மேசையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் புரிந்தது.

அந்த மௌனத்தைக் கலைத்தது எப்புவாஸ். பர்கண்டியின் பேர்பெற்ற பாலாடைக்கட்டி. திராட்சைச் சக்கையில் வடித்த சாராயத்தால் மேல்தோலைக் கழுவிக் கழுவிப் பக்குவப்படுத்துகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க வாசனை. கருவாடு வறுக்கும்போது அடுத்த தெருவுக்கும் தெரிந்துவிடும். ஆனால் சோற்றோடு வாயில் வைத்தவனுக்கு அது வேறொன்று. இதுவும் அப்படித்தான். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிறு காலை நண்பர் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அறுவடை முடிந்து, கொடிகளில் மஞ்சள் இலைகள் மட்டும். பர்கண்டியைப் புரிந்துகொள்ள இரண்டு திராட்சைகளை அறிந்தால் போதும் என்றார்: சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே. வேறு இனங்களும் உண்டு, சிறு அளவில். 1395இல் பர்கண்டிக் கோமகன் துணிவுடை ஃபிலிப், நிறையக் காய்க்கும் கமே என்ற திராட்சையைத் தரக்குறைவானதென்று பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டதை, நேற்று நடந்தது போல் சொன்னார்.

இனம் இரண்டுதான், நிலம்தான் ஆயிரம். இங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் உண்டு. 'கிளிமா' என்கிறார்கள். பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு பெயர், ஒரு விலை. பத்தடி தள்ளி அந்தப் பக்கம் வேறு பெயர், பலமடங்கு விலை. இப்படி 1,247 கிளிமாக்களை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மண்ணின் ஆழம், சுண்ணாம்புக்கல், சரிவு, வெயில் விழும் கோணம் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குணம் தருகின்றன என்பது நம்பிக்கை. 1098இல் சீத்தோவில் மடம் அமைத்த துறவிகளும் அவர்கள் வழிவந்தவர்களும் நூற்றாண்டுக் கணக்கில் உழுது, சுவைத்துப் பிரித்த எல்லைகள் இவற்றில் பல. நன்செய்யில் எந்த வயல் எந்த நெல்லுக்கு வாகு என்று எங்கள் ஊரில் கிழவர்கள் சொல்வார்கள். அவர்கள் அதை எழுதி வைக்கவில்லை; இவர்கள் எழுதி, வேலி கட்டி, பெயரிட்டு, விலையும் வைத்துவிட்டார்கள்.

புரட்சிக்குப் பின் மடங்களின் நிலம் பறிக்கப்பட்டு விற்கப்பட்டது. 1804இல் வந்த நெப்போலியன் சட்டம் சொத்தைப் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கிடச் சொன்னது. தலைமுறைதோறும் துண்டுகள் சிறுத்தன. துறவிகள் மதிலெழுப்பிய க்ளோ த வூழோ சுமார் ஐம்பது ஹெக்டேர்தான். இன்று அதற்கு எண்பதுக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள். நண்பரின் குடும்ப நிலமும் ஏழெட்டு இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

ஓரிடத்தில் நின்று கையை நீட்டினார். "இந்தக் கல்வரை என்னுடையது. அதற்கப்பால் பதினொரு வரிசை என் அண்ணனுடையது. இப்போது அவன் மகளுடையது. அவள் பாரிசில் இருக்கிறாள். நான் குத்தகை கொடுத்துப் பயிர் செய்கிறேன்." அண்ணன் 2011இல் இறந்துவிட்டார். வயது நாற்பத்தாறு. எப்படி என்று நான் கேட்கவில்லை.

பேச்சை அவரே மாற்றி, 2021 ஏப்ரல் உறைபனியைப் பற்றிச் சொன்னார். அந்த மார்ச்சு மாத இறுதியில் பருவம் தப்பிய வெப்பம். கொடிகள் ஏமாந்து முன்கூட்டியே துளிர்த்தன. ஏப்ரல் முதல் வாரம் தொடர்ந்து சில இரவுகள் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. முந்தித் துளிர்க்கும் ஷார்தொனேக்கு அடி அதிகம். ஒரு ஹெக்டேருக்கு முந்நூறு நானூறு மெழுகு வாளிகளை வரிசைகளின் நடுவே ஏற்றிவைத்துவிட்டு விடியும்வரை குடும்பமே காவல் இருந்திருக்கிறது. சரிவு முழுக்கக் கார்த்திகை தீபம் போல விளக்குகள். அப்படியும் வெள்ளை ஒயின் விளைச்சலில் முக்கால் பங்கு போயிற்று. "அம்மாவும் வந்து நின்றாள். எண்பத்து மூன்று வயதில். போகச் சொன்னால் கேட்கவில்லை."

மாலையில் நிலவறைக்குப் போனோம். வீட்டுக்கு அடியிலேயே கல் வளைவுக்கூரை, ஈரம், சுவரில் கறுப்புப் பூஞ்சை. 228 லிட்டர் கொள்ளும் ஓக் பீப்பாய்கள் இரண்டு வரிசை. ஒரு பீப்பாய்க்கு ஏறத்தாழ முந்நூறு புட்டி. உள்ளே காலெடுத்து வைத்ததும் எனக்குக் கால் நின்றுவிட்டது. புளித்துப் பொங்கி அடங்கிய சாற்றின் வாடை. எத்தனை நாகரிகப் பெயர் சூட்டினாலும் மூக்குக்குத் தெரியும். அப்பாவின் சட்டையில் இருந்த வாடைக்கு இது தூரத்து உறவுதான்.

நண்பர் கண்ணாடிக் குழலைப் பீப்பாயின் வாயில் இறக்கி, மேல்துளையைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்து, தன் கோப்பையில் கொஞ்சம் விட்டார். சுழற்றினார், முகர்ந்தார், வாயில் வைத்துக் காற்றை உறிஞ்சிக் கொப்பளித்தார், ஓரத்துச் சாக்கடையில் துப்பினார். அடுத்த பீப்பாய். அதே வரிசை, துப்பல். ஒயின் செய்பவர்கள் சுவைபார்க்கும்போது துப்புவது எங்கும் உள்ள வழக்கம். பத்து இருபது பீப்பாயை விழுங்கிவிட்டு வேலை பார்க்க முடியாது. ஆனால் எனக்கு நேற்றிரவு மேசை நினைவுக்கு வந்தது. அவர் எங்களுக்கு ஊற்றினார். தன் கோப்பையில் ஒரு விரற்கடை ஊற்றி முகர்ந்துவிட்டு அப்படியே வைத்திருந்தார். எழுந்தபோதும் அது அப்படியே இருந்தது.

"நீங்களும் குடிப்பதில்லை" என்றேன்.

"பதினொரு வருடமாக விழுங்கியதில்லை" என்றார்.

அண்ணன் குடித்தது எது என்று பலர் கேட்டிருக்கிறார்களாம். விஸ்கியா, பாஸ்தீஸா என்று. ஒயின் குடித்து யாரும் அப்படிச் சாகமாட்டார்கள் என்பது இந்தச் சரிவின் நம்பிக்கை. "நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் குடித்தது எங்கள் ஒயின். இதோ இந்த நிலவறையில் இருந்து. காலையில் வேலைக்கு இறங்குவான். குழல் அவன் கையில் இருக்கும். அவன் துப்பவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் இரண்டு முறை எச்சரித்தார். வெளியாள் யாரும் அவனுக்கு விற்கவில்லை. நாங்கள் செய்தது."

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். வாய்க்கால் கரை, சைக்கிள், எல்லாம். ஒரு வெளிநாட்டு மொழியில் சொல்ல முடிந்தது. தமிழில் இன்றுவரை யாரிடமும் அவ்வளவு சொன்னதில்லை. அவர் கேட்டுவிட்டு, இன்னொரு கோப்பையை எடுத்துக் கழுவி, ஒரு பீப்பாயிலிருந்து ஒரு மடக்கு அளவுக்கு விட்டு நீட்டினார். "அண்ணனின் பதினொரு வரிசை. வேண்டாம் என்றால் வேண்டாம். துப்பலாம்."

வாங்கினேன். வாயில் வைத்தேன். முதலில் புளிப்பு, பிறகு நாக்கின் இருபுறமும் பாக்கு மென்றது போன்ற துவர்ப்பு, கடைசியில் ஏதோ பழம், மழை பெய்த மண். நன்றாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். துப்பினேன். கை நடுங்கியது.

இரண்டு நாட்களாக என் மனத்தில் ஒரு வசதியான வாக்கியம் உருவாகி வந்தது: சாராயம் மனிதனை அழிக்கும், ஒயின் ஒரு பண்பாடு; எங்களூரில் குடி என்பது மறப்பதற்கு, இங்கே சுவைப்பதற்கு. பயணக்கட்டுரை எழுதுகிறவனுக்கு லட்டு மாதிரியான வாக்கியம். நிலவறையில் அது செத்தது. பிரான்ஸ் இதை அறியாத நாடும் அல்ல. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி உணவில் மது தரக்கூடாது என்று அரசு 1956இல்தான் தடுத்தது; அதுவரை பல பள்ளிகளில் நீர் கலந்த ஒயின் பரிமாறப்பட்டது. 1991இல் மது விளம்பரங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. 1960களின் தொடக்கத்தில் தலைக்கு ஆண்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் ஒயின் குடித்த நாடு, இன்று அதில் பாதிகூடக் குடிப்பதில்லை. அவர்களும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை போனில் ஓஸ்பீஸைப் பார்த்தேன். 1443இல் கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலானும் அவர் மனைவி கிகோன் த சாலானும் ஏழைகளுக்காக நிறுவிய மருத்துவமனை. வண்ண ஓடுகள் வேய்ந்த கூரை. நீண்ட கூடத்தில் சிவப்புத் திரையிட்ட கட்டில்கள். 1971வரை இங்கே நோயாளிகள் இருந்திருக்கிறார்கள். ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தில் தேவதூதர் மிக்கேல் தராசைப் பிடித்து நிற்கிறார். இந்த மருத்துவமனைக்குப் பக்தர்கள் திராட்சைத் தோட்டங்களை எழுதி வைத்தார்கள்; இன்று அது சுமார் அறுபது ஹெக்டேர். அதில் விளையும் ஒயின் 1859 முதல் பொது ஏலத்தில் விற்கப்படுகிறது. நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஏல நாள். வருமானம் மருத்துவமனைக்கு. மது விற்ற பணத்தில் நோயாளிக்குக் கட்டில். 2003 முதல் அரசே மதுக்கடை நடத்தி, அந்த வருவாயில் நலத்திட்டம் தீட்டும் மாநிலத்திலிருந்து வந்தவனுக்கு அந்தத் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தெரியவில்லை. வெகுநேரம் அதன் முன் நின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை, மூடுபனி. என் சாமந்தித் தொட்டியை நானே தூக்கிக்கொண்டேன். ஊர்க் கல்லறைத் தோட்டம் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது. அண்ணனின் கல்லருகே பெரியவர் குனிந்து இலைகளைப் பொறுக்கினார். நான் தொட்டியை வைத்தேன். நண்பரும் தோழியும் தண்ணீர் எடுக்கப் போனபோது, நான் பெரியவரிடம் அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். மருத்துவர் யாரும் தடுக்கவில்லை. என் தந்தை குடித்து இறந்தார், அதனால்தான்.

"மருத்துவர் இல்லை என்று தெரியும்" என்றார். "ஈரல் கெட்டவன் அவ்வளவு எப்புவாஸ் சாப்பிடமாட்டான். என் மகன் கடைசி வருடம் எதையுமே சாப்பிடவில்லை." பிறகு, என் அம்மா இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். தலையசைத்துவிட்டு, தொட்டியைச் சற்றுத் திருப்பி, பூ அதிகம் உள்ள பக்கத்தை முன்னால் வைத்தார்.

அன்றிரவு லியோன் திரும்பியதும் அம்மாவுக்குத் தொலைபேசினேன்.

"அங்க எல்லாரும் குடிப்பாங்களாமே. ஒன்னயும் குடிக்கச் சொன்னாங்களா?"

"குடுத்தாங்கம்மா. வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிட்டேன்."

"துப்புறதுக்கா அவ்ளோ பாடுபட்டுப் பண்றாங்க?"

சிரித்தேன். பிறகு நண்பரின் அண்ணனைப் பற்றியும், அந்தத் தாயாரைப் பற்றியும், சாமந்திப்பூவைப் பற்றியும் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தபோது அம்மா கேட்டாள்:

"அந்தம்மா ராத்திரி தூங்குறாங்களாமா?"

கேட்கவில்லை என்றேன். "கேட்டிருக்கணும்டா" என்றாள்.